முதலமைச்சருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்னும் மயக்கம்

"ஆளு யாரா இருந்தா என்னங்க, நம்ம ஓட்டு சின்னத்துக்குத்தானுங்களே." தேர்தல் நெருங்கினால் கோவை மாவட்டத்தில் எங்கள் அன்னூர் டீக்கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். சின்னம் என்றால் தலைவர், தலைவர் என்றால் முதலமைச்சர், ஆகவே முதலமைச்சரைத் தேர்ந்தெடுப்பது நாம்தான் என்று நம் மக்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். இது தீங்கும் செய்கிறது. மக்களிடம் செல்வாக்கு இல்லாத ஒருவரைக் கட்சிகள் ஆட்சித் தலைவராக்கும்போதெல்லாம் "கொல்லைப்புற வழியாக வந்துவிட்டார்" என்று கொதிக்கிறோம். அந்தக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தவர்கள் நாம்தான்.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 164-ஆம் பிரிவுப்படி முதலமைச்சரை நியமிப்பவர் ஆளுநர். சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவரையே அவர் நியமிக்க வேண்டும். அந்தப் பெரும்பான்மை என்பது எம்.எல்.ஏ.க்களின் கைகள். வாக்காளருக்கு இதில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை. 2016 மே மாதம் அன்னூர் வாக்குச்சாவடிகளில் நாம் அழுத்திய இயந்திரத்தில் ஜெயலலிதாவின் பெயர் கிடையாது. அன்னூர் அவிநாசி தனித்தொகுதியில் அடங்கிய ஊர். அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்குப் பக்கத்தில் இருந்த பெயர் ப. தனபால். நம்மில் பெரும்பாலோர் சின்னத்தைப் பார்த்தோம், பெயரைப் பார்க்கவில்லை.

அதன் விலை என்ன என்று ஏழே மாதத்தில் தெரிந்தது. 2016 டிசம்பர் 5-ஆம் தேதி முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா மறைந்தார். அன்றிரவே அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் ஓ. பன்னீர்செல்வத்தைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக்கினார்கள். 2017 பிப்ரவரி 5-ஆம் தேதி அதே எம்.எல்.ஏ.க்கள் ஜெயலலிதாவின் தோழி வி.கே. சசிகலாவைத் தலைவராக்கினார்கள். இரண்டு நாள் கழித்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்து எழுந்த பன்னீர்செல்வம் எதிர்க்குரல் கொடுத்ததும், எம்.எல்.ஏ.க்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூர் விடுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பிப்ரவரி 14-ஆம் தேதி சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலா குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றே எடப்பாடி பழனிசாமி தலைவரானார். 16-ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார்.

ஏறத்தாழ 70 நாட்களில் மூன்று தலைவர்கள். மூன்று முறையும் கட்சிக்குள் போட்டி கிடையாது, வாக்குப்பெட்டி கிடையாது. பழனிசாமி 1989-லேயே எம்.எல்.ஏ. ஆனவர், பொதுப்பணித் துறையையும் நெடுஞ்சாலைத் துறையையும் கையில் வைத்திருந்த மூத்த அமைச்சர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் முதலமைச்சராக வருவார் என்று எண்ணி 2016-இல் வாக்களித்தவர்கள் எத்தனை பேர்? சேலம் மாவட்டத்துக்கு வெளியே அவர் முகமே பலருக்குப் பழக்கமில்லை.

பிப்ரவரி 18-ஆம் தேதி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினும் பன்னீர்செல்வமும் கேட்டார்கள். சபாநாயகர் மறுத்தார். அமளி எழுந்தது, தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 122-க்கு 11 என்று அரசு வென்றது. அந்தச் சபாநாயகர் வேறு யாருமில்லை, நம் தொகுதி எம்.எல்.ஏ. தனபால்தான். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தவிர சபாநாயகருக்கு ஓட்டு இல்லை. ஆகவே அந்த 122-இலும் அன்னூர் இல்லை, 11-இலும் அன்னூர் இல்லை. முதலமைச்சருக்கே ஓட்டுப் போட்டதாக நம்பிய ஓர் ஊர், முதலமைச்சர் உண்மையில் முடிவான நாளில் கணக்கிலேயே வரவில்லை.

கட்சிகள் ஏன் செல்வாக்குள்ளவரை விட்டுவிட்டு இல்லாதவரைப் பிடிக்கின்றன? இதை விதி என்றும் அதிர்ஷ்டம் என்றும் காலில் விழுந்து வாங்கியது என்றும் பேசுவதில் பயனில்லை. இதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம் தேர்தல் பயம். 2017 பிப்ரவரியில் அந்தச் சட்டமன்றத்துக்கு இன்னும் நாலேகால் ஆண்டு ஆயுள் இருந்தது. தலைவரின் முகத்தைக் காட்டி வென்றவர்களுக்கு அந்த முகம் போன பிறகு மறுபடி மக்களிடம் போகத் துணிவில்லை. சபை கலையாமல் ஓட்டிச் செல்ல யாரால் முடியுமோ அவரே அவர்களுக்குத் தலைவர். இரண்டாவது, மக்கள் செல்வாக்கு உள்ளவர் எம்.எல்.ஏ.க்களின் தயவில் வாழ மாட்டார். இல்லாதவர் வாழ்ந்தாக வேண்டும். அதனால் அவரிடம் பேரம் பேசலாம். மூன்றாவது, கட்சிக்குள் நாலு பெரிய கைகள் மோதும்போது யாருக்கும் அச்சம் தராத ஒருவரிடம்தான் சமரசம் வந்து நிற்கும். நான்காவது, பதவியை விட்டு விலக நேர்ந்தவர் தான் திரும்பி வரும்வரை நாற்காலியைக் காக்கும் ஆளையே தேடுவார். இந்த நான்கு கணக்குகளில் ஒன்றில்கூட வாக்காளர் வருவதில்லை.

எல்லைக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். இலங்கையில் 2020 தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு மாவட்டத்தில்கூட ஆசனம் பெறவில்லை. தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே இடத்தில் அவர் நாடாளுமன்றம் வந்தார். 2022 ஜூலை 20-ஆம் தேதி அதே நாடாளுமன்றம் 134 வாக்குகளால் அவரை ஜனாதிபதியாக்கியது. ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் ராஜபக்சக்களின் பெயரைச் சொல்லி வென்றவர்கள். தெருவில் மக்கள் கொந்தளித்த அந்த நேரத்தில் தேர்தலைச் சந்திக்க முடியாதவர்கள். 2024-இல் மக்கள் முன் நேரடியாக நின்றபோது ரணில் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

எம்.எல்.ஏ.க்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் விலைபோவதைத் தடுக்கத்தான் கொண்டுவரப்பட்டது. நடைமுறையில் அது கொறடாவின் கையில் சாட்டையாகிவிட்டது. 2017-இல் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரியில் அரசுக்கு எதிராகவே வாக்களித்த 11 பேர் பதவி இழக்கவில்லை. அணிகள் இணைந்து பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரே ஆனார். ஆகஸ்டில் முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த, சசிகலாவின் உறவினர் தினகரனின் ஆதரவாளர்களில் 18 பேர் செப்டம்பர் 18-ஆம் தேதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும் பின்னர் அதை ஏற்றது. சட்டப்படி அது செல்லலாம். ஆனால் அதன் பாடம் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் புரிந்துவிட்டது: நாற்காலியில் இருப்பவரோடு இரு, இல்லையேல் வீட்டுக்குப் போ.

இந்த அச்சத்தையும் மீறிச் சிலர் நடந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோவை வடக்கு எம்.எல்.ஏ. பி.ஆர்.ஜி. அருண்குமார் கூவத்தூரை விட்டு வெளியேறி நம்பிக்கை வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கினார். அது எளிதில் வரும் துணிவில்லை. ஆனால் அப்படி ஒருவர் நடந்தால் அது செய்தியாகிறது என்பதே நம் நிலைமையைச் சொல்கிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. 1952-இல் சென்னை மாநிலத்தில் காங்கிரஸுக்கு 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தன. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். மக்கள் தேர்ந்தெடுக்காத ஆட்சித் தலைவருக்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் மண்ணில் இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு மூண்டபோது சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். அவர் விலக நேர்ந்தது. 1954 மார்ச்சில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் வெளிப்படையான போட்டி நடந்தது. காமராஜர் 93, சி. சுப்பிரமணியம் 41. தோற்றவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கொங்குக்காரர். வென்ற காமராஜர் அவரைத் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். 1966-இல் டெல்லியிலும் காங்கிரஸ் எம்.பி.க்கள் வாக்களித்து இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169 என்று முடிவு செய்தார்கள்.

அந்தக் கட்சியிலும் சாதிக் கணக்கு இருந்தது, பணம் இருந்தது, கோஷ்டி இருந்தது. இருந்தும் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனம் இருந்தது. அதை வைத்து ஒரு முதலமைச்சரை இறக்க முடிந்தது. பிறகு எல்லாக் கட்சிகளிலும் மேலிடம் அனுப்பும் பெயரே முடிவானது. இன்று தி.மு.க.வில் தலைவர் தேர்வு போட்டியின்றி முடிகிறது. அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, 10 பேர் வழிமொழிய வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. பா.ஜ.க.வில் மேலிடப் பார்வையாளர் வந்து சேரும்வரை வென்றவர்களுக்கே தங்கள் முதலமைச்சர் யார் என்று தெரிவதில்லை.

பழனிசாமி விஷயத்தில் இங்கே கொங்கு நாட்டில் எனக்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "எப்படி வந்தா என்னங்க, நல்லாத்தானே ஆண்டார்? நம்ம பக்கத்து ஆளுங்க." அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தைக் காட்டுவார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் குளங்களுக்காகக் கேட்ட தண்ணீர் அது. அதற்கு 2019-இல் அடிக்கல் நாட்டியவர் பழனிசாமி. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தவர் ஸ்டாலின். 2021-இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி வென்றது. இவை எதையும் நான் மறுக்கவில்லை. ஒருவர் எப்படி ஆண்டார் என்பது ஒரு கேள்வி, எப்படி வந்தார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைத்ததற்காக இரண்டாவதைப் புதைத்துவிட்டால், அடுத்த முறை அதே வழியில் வருபவர் குளத்தை நிரப்புபவராக இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஊர்ப் பாசம் அந்த உத்தரவாதத்தைத் தராது.

அப்படியானால் முதலமைச்சரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இஸ்ரேல் பிரதமருக்கு நேரடித் தேர்தல் வைத்துப் பார்த்தது. 1996, 1999, 2001 என மூன்று முறை நடத்திவிட்டுக் கைவிட்டது. கட்சி உறுப்பினர்களிடம் விட்டால் சரியாகுமா என்றால் பிரிட்டனைப் பாருங்கள். 2022-இல் கன்சர்வேடிவ் எம்.பி.க்களின் வாக்கெடுப்பில் முன்னணியில் இருந்தவர் ரிஷி சுனக். உறுப்பினர்கள் லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு வாரத்தில் அவர் போனார். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. தவறு நடந்ததும் சொந்தக் கட்சி எம்.பி.க்களே எழுந்து திருத்தினார்கள். ஆளும் தலைவரைச் சபையில் இருக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதும் இறக்குவதும் நல்ல முறைதான். அதற்கு அவர்கள் சொந்தப் புத்தியும் சொந்தத் தொகுதியும் உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

அங்கேதான் நம் மயக்கம் குறுக்கே நிற்கிறது. ஆளைப் பார்க்காமல் சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். ஆகவே கட்சிக்கு நல்ல ஆளை நிறுத்தும் தேவை இல்லை. தலைவர் தயவில் சீட்டு வாங்கி, தலைவர் முகத்தில் வென்றவர் தொகுதிக்குக் கடன்பட்டவர் கிடையாது. தலைவர் இருக்கும்வரை அவர் கைதூக்கும் ஆள். தலைவர் மறைந்த மறுநாளோ, ஒரு மாநிலத்தின் முதலமைச்சரைத் தீர்மானிக்கும் ஓட்டு அவர் கையில் இருக்கும். யாரென்றே பார்க்காமல் அனுப்பியவரிடம் எல்லாவற்றிலும் பெரிய அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு, பிறகு கூவத்தூரைக் குறை சொல்லி என்ன பயன்?

செய்ய வேண்டியவை கண்ணெதிரே இருக்கின்றன. சட்டமன்றக் கட்சித் தலைவரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும்; இதைச் சட்டமாக்க வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்பில் கொறடா இருந்தே தீர வேண்டும் என்றால், அதற்கு முன் கட்சிக் கூட்டத்திலாவது எம்.எல்.ஏ.வுக்குச் சுதந்திரம் வேண்டும். கொறடாவின் ஆணை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிற்கட்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொன்னது. கட்சிகளின் உள்தேர்தலைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-ஆவது அறிக்கையில் சொன்னது. எந்தக் கட்சியும் இவற்றைத் தானாகச் செய்யப்போவதில்லை.

ஆகவே தொடக்கம் நம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அடுத்த முறை எந்தக் கட்சி வேட்பாளர் அன்னூர்த் தெருவில் கும்பிட்டு வந்தாலும் சாலை, குடிநீர், பட்டா பற்றிக் கேளுங்கள். அத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் தலைவர் நாளைக்கு இல்லை என்றால் யாரை முதலமைச்சராக்குவீர்கள், எதற்காக, எங்களிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் செய்வீர்களா? "மேலிடம் சொல்வதைச் செய்வேன்" என்பவருக்கு ஓட்டுப் போட்டால், முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்த மேலிடத்துக்கே எழுதிக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே போடுங்கள். அதன்பின் யார் வந்து அமர்ந்தாலும் குறை சொல்லும் உரிமை நமக்கு இருக்காது.