ஊர்காவற்றுறை அளித்த தீர்ப்பு

சுயாட்சி கேட்ட ஒருவர் தனி அரசு கேட்கும் நிலைக்கு ஏன் தள்ளப்பட்டார் என்பதை அறிய விரும்புவோர் ஊர்காவற்றுறைத் தொகுதியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். 1963 இடைத்தேர்தலில் அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான வி. நவரத்தினம், 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தத்துக்கான பேச்சுக்களில் தந்தை செல்வாவுடன் பங்கெடுத்தவர். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ என்பதே அவ்வொப்பந்தத்தின் சாரம். நாட்டைப் பிரிக்கும் பேச்சு அதில் இல்லை. எனினும் 1958 ஏப்ரலில் அது கிழித்தெறியப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்க ஒப்புக்கொண்ட மாவட்ட சபைகளும் 1968 இல் கைவிடப்பட்டன.

அதே ஆண்டில் ஆட்பதிவுச் சட்டமூலத்தை எதிர்த்த நவரத்தினம் தமிழரசுக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்து, தனி அரசே வழியென்றார். 1970 பொதுத்தேர்தலில் தீவக மக்கள் அவரை ஏற்கவில்லை. சமஷ்டி கேட்ட கா. பொ. இரத்தினத்தையே தெரிவு செய்தனர். பிரிவினை வேண்டாம், அதிகாரப் பகிர்வு போதும் என்ற இத்தீர்ப்பை விடத் தெளிவானதொரு செய்தி தெற்குக்குக் கிடைத்திருக்க முடியுமா? அதற்குக் கிடைத்த மறுமொழி 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு. 1977 இல் அதே இரத்தினம், அதே மக்களிடம், தமிழீழத்துக்கு ஆணை கேட்டு வென்றார்.

இங்கு முஸ்லிம் வாசகர்கள் எழுப்பக்கூடிய கேள்வி ஒன்றுண்டு, அது நியாயமானதே. 'தமிழ் பேசும் மக்கள்' என்று முஸ்லிம்களையும் உள்ளடக்கியே தமிழரசுக் கட்சி சுயாட்சி கோரியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அச்சொல் பொருளிழந்தது. தமது பங்கு எழுத்தில் உறுதி செய்யப்படாத எந்தச் சுயாட்சியையும் அவர்கள் ஐயத்துடன் நோக்குவதில் நாம் குறை காண மாட்டோம். தெற்கிடம் நாம் கேட்கும் உத்தரவாதத்தை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள், அவ்வளவே.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. 2022 இல் அது இந்தியாவின் கைக்கு மாறியது. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்திருந்தது. தீவக மக்களின் சார்பில் பேசுவதற்கு, அவர்கள் தெரிவு செய்த மாகாண சபை எதுவும் அப்போது இருக்கவில்லை.