கோடு போட்டவர் பொறுப்பு

மெக்கானிக்கல் முடித்துவிட்டு டிசைன் வேலை தேடும் பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "எந்த சாஃப்ட்வேர் சார் கத்துக்கலாம்?"

ஆட்டோகேடா, சாலிட்வொர்க்ஸா என்பதெல்லாம் அப்புறம் தம்பி. டிராயிங் என்பது ஒரு கடிதம். நீங்கள் பார்த்தே இராத ஒருவருக்கு எழுதுவது. ராத்திரி ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்கிற அவர், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். (குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள்.) பீஸ் ரிஜெக்ட் ஆனால் முதல் திட்டு அவருக்குத்தான்.

எனவே, ஒரு டிராயிங்குக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். நம் நாட்டு வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள். மேலிருந்து பார்த்த படம் கீழே வரும். அமெரிக்காவில் தர்ட் ஆங்கிள், மேலேயே வரும். எது என்று சொல்லும் அந்த வெட்டுப்பட்ட கூம்புச் சின்னத்தைப் போடாமல் விட்டால், வலப்பக்கத் துளை இடப்பக்கம் போய்விடலாம்.

அடுத்தது டாலரன்ஸ். வீட்டில் "ஆறு மணிக்கு வந்துடறேன்" என்றால் பிளஸ் இரண்டு மணி நேரம். மைனஸ் கிடையவே கிடையாது. 25 மி.மீ. துளைக்கு 'எச்7' என்று போட்டாலும் மைனஸ் கிடையாது. ஆனால் பிளஸ் வெறும் 21 மைக்ரான். அதாவது 0.021 மி.மீ. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா அளவையும் இப்படி இறுக்காதீர்கள், செலவு எகிறிவிடும். ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற இடத்தில் மட்டும் இறுக்கினால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு. வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொரு இடைவெளிக்கும் ±0.1 மி.மீ. என்று சங்கிலி போல அளவு கொடுக்கிறீர்கள். நாலு இடைவெளி. முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவே 0.4 வரை பிசகலாம். ஒவ்வொன்றும் சரி, மொத்தம் தப்பு! துளை போட்டவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. டிராயிங்கில் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். எல்லாத் துளைக்கும் ஒரே விளிம்பிலிருந்து அதே ±0.1 கொடுத்திருந்தால், பிசகு 0.2-ஐத் தாண்டாது.

கம்ப்யூட்டர் கோட்டை நேராகப் போடும். எங்கிருந்து அளப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ள இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'எஸ்.பி. 46' புத்தகம் இருக்கிறது; 2003-ல் திருத்தி வெளியிட்டது, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென்றே எழுதியது.

டிராயிங்கை முடித்ததும் பிரின்ட் எடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மனசுக்குள் அந்த பீஸைச் செய்து பாருங்கள். எங்கே பிடிப்பது? எதிலிருந்து அளப்பது? நடுவில் கால்குலேட்டரைத் தேடினீர்களானால் ஏதோ ஓர் அளவு பாக்கி. அதைப் போட்டுவிட்டு, 'வரைந்தவர்' கட்டத்தில் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்.