சூளைக்குப் போகாத பொம்மைகள்

வைகாசி முடிவதற்குள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய திருவிழா வந்துவிடுகிறது. உற்சவம் நடப்பதென்னவோ அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில். அதன் பெயர் 'சம்மர் கேம் ஃபெஸ்ட்'. இனிமேல் வரப்போகும் வீடியோ விளையாட்டுகளின் முன்னோட்டப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் இரண்டு மணி நேரம் காட்டுவார்கள். அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் விருத்தாசலத்தில் நடுநிசி கடந்து இரண்டரை மணி. 2024, 2025 ஆகிய இரண்டு வருஷங்களிலும் மறுநாள் சனிக்கிழமையாக இருந்தபடியால் ஆசிரியர்கள் பிழைத்தோம்!

இதற்கு முன் 'ஈ-3' என்ற பெரிய கண்காட்சி 1995 முதல் பிரசித்தமாக நடந்து வந்தது. கடைசி வருஷங்களில் அது தள்ளாடிற்று. இனி நடவாது என்று 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். 2020-இல் ஜெஃப் கீலி என்பவர் ஆரம்பித்த இந்தப் புதிய விழாவே இப்போது அதன் ஸ்தானத்தில் வீற்றிருக்கிறது.

இந்த விழாவைப் பிள்ளைகள் பஞ்சாங்கம்போல் நம்புகிறார்கள். இன்ன மாதம் இன்ன விளையாட்டு என்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண் விழித்துப் பார்ப்பது பெரும்பாலும் விலைக்கு வாங்கிய விளம்பரம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 2024-ஆம் வருஷ விழாவில் ஒரு நிமிஷப் படத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டணம் என்று 'எஸ்குயர்' பத்திரிகை எழுதிற்று. நம் பணத்தில் அது இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு கொடுத்து வாங்கிய ஒரு நிமிஷத்தில் எந்த வியாபாரியாவது தன் சரக்கின் குறையைச் சொல்வானா?

பீங்கான் தொழிலைக் கற்பிப்பதற்கென்றே ஓர் அரசாங்கக் கல்விக்கூடம் அமைந்திருக்கிற ஊர் எங்களுடையது. கொலுப் பொம்மை செய்கிற இடத்திற்குப் போய்ப் பார்த்தால் இந்த விஷயம் எளிதில் விளங்கும். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து வைத்திருக்கும் பொம்மை முழு உருவத்தோடுதான் இருக்கும். மூக்கும் முழியும் குறைவில்லை. ஆனாலும் அதை யாரும் விலை பேசுவதில்லை. காய்கையிலும் வேகையிலும் மண் சுருங்கும். ஈரம் சற்று மிச்சமிருந்தாலும் சூளைக்குள் வெடித்துவிடும். மேற்பூச்சோ, உள்ளே போகும்போது சுண்ணாம்பு தடவினாற்போல் மங்கலாக இருக்கும். கண்ணாடிபோல் மின்னுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான். சூடு ஆறுமுன் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தாலும் கீறல் விழும்.

முன்னோட்டத்தில் காட்டப்படுவது சூளைக்குப் போகாத பொம்மை.

'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டின் கதையைக் கேளுங்கள். போலந்து தேசத்து நிறுவனம் ஒன்று செய்தது. 2019 ஜூனில் ஈ-3 மேடையில் கீயனு ரீவ்ஸ் என்ற சினிமா நடிகரே நேரில் தோன்றி அதை அறிமுகம் செய்தார். சபை ஆரவாரித்தது. 2020 டிசம்பர் 10-ஆம் தேதி அது வெளிவருமுன்னரே 80 லட்சம் பேர் முன்கூட்டி வாங்கியிருந்தார்கள். வந்த பிறகு பார்த்தால், பழைய பிளேஸ்டேஷன் இயந்திரங்களில் அது நடக்கவே தடுமாறிற்று. முதலில் மதிப்புரை எழுதியவர்களுக்கோ உயர்ந்த கணினிகளில் ஓடும் பிரதியைத்தான் கொடுத்திருந்தார்கள்! எட்டே நாளில் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மறுபடி கடையேறிற்று. பிற்பாடு பாடுபட்டுச் செப்பனிட்டார்கள். இன்று நல்ல விளையாட்டென்றே பெயர். ஆனால் பொறுத்திருந்து வாங்கினவன் குறைந்த விலையில் நல்ல பண்டத்தைப் பெற்றான். முந்திக்கொண்டவன் முழு விலை கொடுத்துக் கீறல் விழுந்ததைப் பெற்றான்.

பெரிய விளையாட்டு ஒன்றின் விலை நம் தேசத்தில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. சாமானியக் குடும்பத்தில் அது ஒரு மாத மளிகை. "இப்போதே முன்பணம் கட்டினால்தான் ஸார் கிடைக்கும்" என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வாதித்தான். தீபாவளிப் பட்டாசு தீர்ந்து போகலாம். கம்பி வழியே இறங்குகிற சரக்கு எப்படியப்பா தீர்ந்து போகும் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தான். 'ஸ்டீம்' என்ற கடையில் வாங்கினால், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற செய்தி அவனுக்கே தெரிந்திருந்தது. அவன் தகப்பனாருக்குத்தான் தெரியாது.

தாமதத்தைக் கண்டு கோபிப்பதும் சரியல்ல. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து 'டீம் செர்ரி' என்ற சின்னஞ்சிறு குழு 'சில்க்சாங்' என்ற விளையாட்டை 2019-இல் அறிவித்தது. 2022 ஜூனில் மைக்ரோஸாப்ட் நடத்திய காட்சியில், அங்கே காட்டப்பட்டவை யாவும் பன்னிரண்டு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. ஏளனம் செய்தவர்கள் ஏராளம். 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி அது வெளிவந்தபோது, வாங்க வந்த கூட்டம் தாங்காமல் இணையக் கடைகளே சற்று நேரம் ஸ்தம்பித்தன. விலை இருபது டாலர்தான். சூளையை அவர்கள் அவசரப்பட்டுத் திறக்கவில்லை.

வரப்போவதையே பேசிக்கொண்டிருந்தால் வந்திருப்பது மறந்து போகிறது. நமக்குச் சொந்தமான ஒன்று ஏற்கெனவே வந்து, உலகத்தாரின் மதிப்பையும் பெற்றுவிட்டது. பெயர் 'வெண்பா'. கனடாவில் டொரான்டோ நகரத்து 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களின் இறுதியில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தகப்பன் பாவலன், தமிழ் நாவிலிருந்து நழுவிக்கொண்டே போகிற மகன் கவின். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. தாயார் கொடுத்த சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுவே விளையாட்டு. 2024-இல் பிரிட்டிஷ் 'பாஃப்டா' சபையார் சிறந்த முதற்படைப்பு என்று அதற்குப் பரிசளித்தார்கள். அதே வருஷம் தனிக்கலைஞர்களின் விளையாட்டு விழாவான 'ஐ.ஜி.எஃப்.'பின் தலைமைப் பரிசும் அதற்கே கிடைத்தது. போர்க்களங்களும் பூதங்களும் நிறைந்த சந்தையில் இட்லிக் கொப்பரைக்கு இவ்வளவு கௌரவம் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அதை ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். பிள்ளைகள் தனியே ஆடுவதைவிடப் பாட்டியைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு ஆடுவது உத்தமம். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறி இட்லி வேகும் என்ற முதற் கட்டத்திலேயே, கணினியை ஒரு நாளும் தொட்டறியாத அந்த அம்மாள் பேரனை முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவாள்.