கையில் இருப்பதைக் கொண்டு

சோதனைக் கருவிகள் இல்லாத பள்ளியில் அறிவியலை எங்ஙனம் கற்பிப்பது? ஆசிரியர் பலர் எழுப்பும் இவ்வினாவைப் பெற்றோராகிய நாம் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடலாகாது; அதில் உண்மை உண்டு. ஆயினும் கென்யா நாட்டு ஆசிரியர்கள் அதே வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பார்த்தனர். அவ்வரலாற்றை இம்மாதம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள அந்நாட்டில், உயர்நிலைப் பள்ளி மாணவர் கணிதத்திலும் அறிவியலிலும் பெரிதும் பின்தங்கியிருந்தனர். ஆசிரியர் பேசுவதும் மாணவர் எழுதிக்கொள்வதுமே பெரும்பாலும் பாடமாயிருந்தது. 1998-இல் கென்ய அரசும் ஜப்பானின் ‘ஜைக்கா’ நிறுவனமும் சேர்ந்து, பணியிலுள்ள ஆசிரியர்க்கென ‘ஸ்மாஸ்ஸே’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. முதலில் 9 மாவட்டங்கள். 2003 முதல் நாடு முழுவதும்.

செயல், மாணவர், சோதனை, கைப்பொருளால் ஆக்கிக்கொள்ளுதல் என நான்கினைப் பயிற்சியின் அடிப்படையாக வைத்தனர். நான்காவதே நம் கருத்தைக் கவர்கிறது. அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிய லிட்மஸ் தாள் இல்லையா? செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும்; சோப்பு நீர் பட்டால் பச்சை நிறம் காட்டும். ஆனால் மலரைக் கசக்கிக் காட்டுவது மட்டும் ஆக்கச் சிந்தனை ஆகிவிடாது. “நிறம் என்ன ஆகும், ஏன்?” என்று முன்னரே மாணவரைக் கேட்டு, அவர்கள் ஊகித்துச் சொன்ன பின்பே சாற்றை ஊற்றும் ஆசிரியரே சிந்தித்தவர். மற்றது வெறும் வேடிக்கை.

இதனினும் கடினமானது ஒன்று உண்டு. திட்டமிடுதல், செய்தல், நோக்குதல், திருத்துதல் என்னும் சுழற்சி அது. ஒருவர் பாடம் நடத்த, உடன் ஆசிரியர்கள் அமர்ந்து நோக்குவர். பின்னர் கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துவர். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கும் முறையோடு நெருங்கிய உறவுடையது இது. தம் வகுப்பறைக் கதவைச் சக ஆசிரியருக்குத் திறந்துவிட எத்தனை பேருக்கு மனம் வரும்? பல ஆண்டு அனுபவம் உடையவர்க்கே அது பெருஞ்சோதனை அன்றோ! அதுவும் விடுமுறை நாட்களில் வந்து பயில வேண்டியிருந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் தம் திறத்தால் சமாளிக்கிறார் என்று கண்டு, ஆய்வுக்கூடம் கட்டித்தரக் கடமைப்பட்டோர் கைகட்டி இருந்துவிடலாகாது. செம்பருத்திச் சாறு லிட்மஸுக்கு ஈடாகலாம். நுண்ணோக்கிக்கு ஈடாக எம்மலரும் இல்லை. மாணவர் நிரம்பி வழியும் வகுப்பில், தேர்வுக்குள் பாடநூலை முடிக்க ஓடும் ஆசிரியருக்குச் சோதனைக்கு நேரமேது என்னும் முறையீட்டையும் எளிதில் ஒதுக்க இயலாது.

பின்னாளில் ஆப்பிரிக்காவின் பிற நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் நைரோபிக்கு வந்து இம்முறையைப் பயின்று சென்றனர். ஜப்பானியரிடம் கற்றதைக் கென்யர் தம் வகுப்பறைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது போலவே, வந்தவர்களும் தத்தம் ஊருக்குத் தகுந்தவாறு அதை மாற்ற வேண்டியிருந்தது.