முள்ளும் சக்கரமும்

விஸ்வநத்தம் சிவகாசி நகரை ஒட்டிய ஊர். மழை குறைந்த, வானம் பார்த்த பூமி. காற்றில் ஈரம் குறைவாக இருப்பதே தீப்பெட்டியும் பட்டாசும் இப்பகுதியில் வேரூன்றியதற்கு ஒரு காரணம். 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதனை இங்கே தொடங்கியபோது வறட்சியும் ஒரு மூலதனமாயிற்று. அதே வறட்சியில் சீமைக்கருவேலமும் செழித்தது. சாலையோரங்களில் நிற்கும் அம்மரத்தின் முள் காய்ந்தபின் ஆணிக்கு ஒப்பாகும். மிதிவண்டியின் டயரையும் அதனுள்ளிருக்கும் ட்யூபையும் துளைக்க அதற்கு ஒரு நொடி போதும். இவ்வட்டாரத்தில் மிதிவண்டியைப் பற்றிப் பேசும் எவரும் முள்ளிலிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு என்றாலே விலையில்லா மிதிவண்டி நினைவுக்கு வரும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய இத்திட்டம் பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. வழங்கும் நாளில் விழா உண்டு. வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்ப்பதே ஓர் அழகு. ஆறு மாதம் கழித்து அவ்வண்டிகள் எந்நிலையில் இருக்கின்றன என்று கேட்பவர் குறைவு. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், சங்கிலி தளர்ந்திருக்கும், சக்கரத்தில் கோட்டம் விழுந்திருக்கும். இவற்றுள் எதுவும் பெரிய பழுது அன்று. ஆயினும் பழுது நீக்க அறியாத வீட்டில் சிறு பழுதே வண்டியைத் திண்ணையோரம் சாய்த்துவிடுகிறது. அரசு வண்டியைத் தந்தது. வண்டியைப் பேணும் அறிவைத் தர மறந்தது.

இது மிதிவண்டியோடு முடியும் குறை அன்று. பீகார் மாநிலம் 2006ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் அளித்தது. அதன் விளைவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலை வகுப்புகளில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. தொலைவைச் சுருக்கும் கருவி ஓடினால் படிப்பு ஓடுகிறது; நின்றால் என்னவாகும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

சிவகாசிப் பகுதியில் அந்த ஊகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. விடியுமுன் கிராமங்களுக்குள் வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற தொழிற்சாலைப் பேருந்துகளைப் பற்றி 1980களில் நாடே பேசியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகள் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாயை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களும் வெடிபொருள் சார்ந்த பணியில் ஈடுபடக் கூடாது. சட்டங்களால் நிலைமை பெரிதும் மாறியது உண்மை. எனினும் பள்ளிக்குச் செல்லாத பிள்ளை வீட்டில் சும்மா இருப்பதில்லை. காகிதக் குழல் சுருட்டுவதும் பெட்டி ஒட்டுவதும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஊரில், பழுதான மிதிவண்டிக்கும் கைவிடப்பட்ட பாடநூலுக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

இதற்கு விடையைத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்குப் பெருந்துணையாக நின்றார். கல்லுடைக்கும் பெண்கள், வயலில் உழைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்தபடி ஊர்வலம் சென்றதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் தீர்ந்துபோயின. ஆண்களுக்கான வண்டியையே பலர் வாங்கினர். அதில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே செல்லும் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதைக் கண்டபின், சிலர் அவ்வண்டியையே விரும்பவும் செய்தனர். கேலி பேசியவர்கள் இருந்தனர். பேச்சு அடங்கிற்று, வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அங்கே நடந்ததன் உட்பொருள் ஓட்டுதலில் மட்டும் இல்லை. தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கற்பித்தார். கற்றவர் மறுவாரம் தாமே ஆசிரியர் ஆனார். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. அதே மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களாக இணைந்து கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். கற்றலும் கூட்டுடைமையும் ஒரே காலத்தில், ஒரே கைகளில் வளர்ந்தன. விஸ்வநத்தம் போன்ற ஊர் புதுக்கோட்டையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இணைப்பையே: ஊரார் சேர்ந்து நடத்தும் ஒரு மிதிவண்டிப் பழுதுநீக்கும் கூட்டுறவு, அதுவே ஒரு கல்விக்கூடம்.

பிற நாடுகளில் இது புதிதன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2002ஆம் ஆண்டு ஒரு குடியிருப்பின் சமையலறையில் தொடங்கப்பட்ட பட்டறைக்கு மிதிவண்டிச் சமையலறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. இத்தகைய பட்டறைகளின் வழக்கம் சுவையானது. வண்டியைக் கொண்டுவருபவரிடம் திருப்புளியைக் கொடுத்துவிட்டு, அறிந்தவர் அருகில் நிற்பார். பழுதை வண்டிக்குரியவரே நீக்க வேண்டும். கருவி பொது, உழைப்பு அவரவருடையது. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளாகப் போற்றப்படும் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்களும் கல்வியைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை. 1844இல் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் சிறுகடையாகத் தொடங்கியவர்கள், பின்னாளில் உபரியில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகம் நடத்தினர். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நடந்த மரபு உண்டு. அங்கே குறிப்பேடும் எழுதுகோலும் விற்கப்பட்டன. இங்கே ட்யூபும் பிரேக் கட்டையும் விற்கப்படலாம்.

பழுது நீக்குவதில் என்ன கல்வி இருக்கிறது என்று கேட்போர் ஒரு முறை பஞ்சர் ஒட்டிப் பார்க்க வேண்டும். டயரின் ஓரத்தை நெம்பி ட்யூபை வெளியே எடுத்துக் காற்றடைத்து நீரில் அமிழ்த்தினால், துளையுள்ள இடத்தில் குமிழி எழும். கண்ணுக்குத் தெரியாத துளையைக் காற்றே காட்டிக்கொடுக்கிறது. ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவ வேண்டும். தடவியவுடன் ஒட்டக் கூடாது; பசை உலரும்வரை பொறுக்க வேண்டும். புதியவர் தவறுவது பெரும்பாலும் இந்தப் பொறுமையில்தான். அப்பசை எளிதில் தீப்பற்றும் என்பதைப் பட்டாசுப் பகுதிப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒட்டியபின் ட்யூபை உடனே உள்ளே செருகுபவர் அரைகுறைத் தொழிலாளி. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பவரே தேர்ந்தவர். முள்ளை எடுக்காமல் துளையை மட்டும் அடைத்தால் அடுத்த தெருவிலேயே வண்டி நிற்கும்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது இன்னும் நுட்பமானது. நம் ஊரில் பரவலாக ஓடும் பழைய வகை மிதிவண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருக்கும். மெல்லிய அக்கம்பிகள் தூணைப்போல எடையைத் தாங்குவதில்லை, இழுவிசையால் தாங்குகின்றன. வட்டு வலப்புறம் வளைந்திருந்தால் இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி வலப்பக்கத்தைச் சற்றே தளர்த்த வேண்டும். அரைச்சுற்று மிகுந்தால் கோட்டம் வேறிடத்தில் தோன்றும். விசைகளின் சமநிலை என்று இயற்பியல் நூலில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் படிப்பது இங்கே விரல்நுனிக்கு வருகிறது. இடப்பக்க மிதிகட்டையின் மரை மற்ற மரைகளுக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதையும் அதன் காரணத்தையும் தாமே கண்டறியும் மாணவி, அதை எளிதில் மறக்கமாட்டாள். மிதிக்கும்போது தானே கழன்றுவிடாதிருக்கச் செய்யப்பட்ட அவ்வேற்பாட்டைத் தம் வண்டிகளில் பயன்படுத்தியவர்களுள் ரைட் சகோதரர்களும் உண்டு. 1903இல் வானூர்தியைப் பறக்கவிட்ட அவ்விருவரும் டேட்டன் நகரில் மிதிவண்டிக்கடை நடத்தியவர்கள். அக்கடையின் வருவாயும் பட்டறையும்தான் அவர்களுக்கு ஆய்வுக்கூடமாகப் பயன்பட்டன.

இம்முயற்சிக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும். இரண்டையும் எளிதாக ஒதுக்க இயலாது. குழந்தைத் தொழிலிலிருந்து இவ்வளவு பாடுபட்டு மீண்ட பகுதியில் மாணவர் கையில் மீண்டும் திருப்புளியைக் கொடுப்பதா என்பது முதல் வாதம். 1953இல் இராசாசி கொண்டுவந்த, பாதிநாள் பள்ளியும் பாதிநாள் குடும்பத் தொழிலும் என்ற திட்டம் குலக்கல்வி என எதிர்க்கப்பட்டது; விருதுநகரில் பிறந்த காமராசர் 1954இல் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அது கைத்தொழிலை எதிர்த்த எதிர்ப்பு அன்று. பிறப்பு எந்தக் கைக்கு எந்தத் தொழில் என்று தீர்மானிப்பதை எதிர்த்தது. பழுதுநீக்கும் கூட்டுறவில் தலைமையாசிரியரின் மகனும் தீப்பெட்டித் தொழிலாளியின் மகளும் ஒரே சக்கரத்தின் முன் அமர வேண்டும். பாடவேளை பறிபோகக் கூடாது. மாணவர் உழைப்பு விலைக்கு விற்கப்படக் கூடாது. தம் வண்டியையும் தோழர் வண்டியையும் சரிசெய்யலாம். வெளியார் வண்டிக்குக் கூலிவேலை செய்யலாகாது. இந்த எல்லை மீறப்படும் நாளில் அச்சங்கத்தை மூடிவிடுவதே நேர்மை.

இரண்டாவது வாதம் தெருமுனையில் மிதிவண்டிக்கடை வைத்திருப்பவருடையது. ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்டுப் பிழைத்தவர் அவர். மோட்டார் வாகனங்கள் பெருகியபின் அவ்வாடகை போயிற்று. எஞ்சியிருப்பது பஞ்சர் ஒட்டும் வருவாய். அதையும் கூட்டுறவு பறித்துவிடுமா? பறிக்கும், அவரை வெளியே நிறுத்தினால். ஆகவே அவரே அங்கு முதல் ஆசிரியராக இருக்க வேண்டும். மதிப்பூதியம் தவறாமல் தரப்பட வேண்டும். சங்கிலிப் பற்சக்கரம் மாற்றுவது, மைய அச்சின் குண்டுகளைப் புதுப்பிப்பது போன்ற பெரிய வேலைகள் அவர் கடைக்கே செல்ல வேண்டும். முப்பது ஆண்டு அனுபவம் உடைய ஒருவரை மாணவர்கள் “ஐயா” என்றழைத்துப் பாடம் கேட்பது, அவருக்குக் கிடைக்கும் ஊதியத்தைவிடச் சிறியது அன்று. நூலில்லாத அறிவைப் பள்ளி மதிக்கத் தொடங்குவதற்கும் அது வழி.

நடத்தும் முறையில் சில கண்டிப்புகள் வேண்டும். கூட்டுறவுகள் பல இடங்களில் வீழ்ந்தது பணமின்மையால் மட்டும் அன்று, கணக்கின்மையாலும்தான். மாதந்தோறும் வரவுசெலவு கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். கருவி எடுப்பவர் பெயரும் திருப்பித்தந்த நாளும் ஏட்டில் பதிவாக வேண்டும். திருப்புளி ஒன்று தொலைந்தால் அது யாரோ ஒருவருடைய இழப்பாகத் தோன்றாமல் உறுப்பினர் அனைவருடைய இழப்பாகத் தோன்ற அந்த ஏடே காரணமாகும். பொறுப்பாளர்களில் பாதிப்பேர் மாணவியராக இருப்பது சலுகை ஆகாது. புதுக்கோட்டை ஓட்டக் கற்றுத்தந்து முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும், நம் ஊர்களில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டும் பெண்ணை வேடிக்கை பார்க்கும் கண்கள் இன்னும் இருக்கின்றன. பட்டறை பள்ளிவளாகத்துள் அமைந்தால் அந்தக் கண்களின் எண்ணிக்கை குறையும், பெற்றோரும் தயங்கமாட்டார்.

தொடங்குவதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத நாள் ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. விலையில்லா மிதிவண்டிகள் பல பள்ளிகளில் பாகங்களாக வந்திறங்கி, வளாகத்திலேயே பூட்டப்படுகின்றன. சட்டகமும் சக்கரங்களும் சங்கிலியும் தனித்தனியே கிடக்கும் அவ்வேளையில் மாணவர்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள். பூட்டி முடித்த வண்டியையே காண்கிறார்கள். பூட்டும் தொழிலாளர்கள் அருகே ஒரு வகுப்பை இரண்டு மணிநேரம் அமரவைத்து, ஒவ்வொரு மரையும் எதற்கு என்று கேட்கவிட்டால் முதல் பாடம் முடிந்துவிடும். அன்று மாலை ஒரு காற்றடிப்பான், நான்கு திருப்புளிகள், ஒரு நீர்த்தொட்டி ஆகியவற்றோடு கூட்டுறவின் கதவைத் திறந்துவிடலாம்.