வரையும் கையும் பொருத்தும் கையும்

நுழையும்முன்

ஒரு பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என எண்ணுவது வடிவமைப்பின் ஒரு பாதி. அதனை எவ்வாறு ஒன்றுசேர்ப்பது என எண்ணுவது மறுபாதி. இம்மறுபாதியை மறந்து வரையப்படும் வரைபடத்தின் சுமை, தொழிற்கூடத்தில் பணிபுரிபவரின் மணிக்கட்டில் இறங்குகிறது. தொழில்வளம் பெருகிவரும் தமிழ்நாட்டில், நாளை வடிவமைப்பாளராகப் போகும் இளையோர் இன்றே சிந்திக்க வேண்டிய செய்தி இது.

நெடுஞ்சாலையோரத்து ஊர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் குருபரப்பள்ளி. மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டம். தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி. இன்று இங்குச் சிப்காட் தொழிற்பூங்காவும் அமைந்திருக்கிறது. அருகிலுள்ள ஓசூரோ கைக்கடிகாரம், இருசக்கர வண்டி, சரக்குந்து எனப் பலவற்றை உலகிற்கு அனுப்பும் நகரமாக வளர்ந்துள்ளது.

இத்தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் பலரின் வேலை, ஆயத்தமாக வந்துசேரும் உறுப்புகளை வரிசைப்படி பொருத்துவதே. அவர்களுள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் இளம்பெண்கள் ஏராளம். அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைத் தொலைவில் எங்கோ வரையப்பட்ட ஒரு வரைபடம் முன்பே முடிவுசெய்துவிடுகிறது.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒரு மின்கருவியின் மூடியை ஆறு திருகாணிகள் தாங்குவதாகவும், ஒன்றை முடுக்க ஐந்து நொடி ஆவதாகவும் கொள்வோம். ஒரு மூடிக்கு 30 நொடி. ஆயிரம் கருவிகளுக்கு 30,000 நொடி. அதாவது எட்டு மணி 20 நிமிடம். ஒருவருடைய முழுநாள் உழைப்பும் ஆறாயிரம் முடுக்கல்களில் கரைந்துவிடுகிறது. நான்கு பக்கங்களில் பூட்டிக்கொள்ளும் கொக்கிகளும் இரண்டே திருகாணிகளும் போதும் என வடிவமைப்பாளர் கண்டறிந்திருந்தால், முடுக்கும் வேலை மூன்று மணி நேரத்திற்குள் முடிந்திருக்கும். வரைபடத்தில் நான்கு சிறு வட்டங்கள். பொருத்துபவருக்கோ நான்காயிரம் முடுக்கல்கள்!

மூன்று வினாக்கள்

இச்சிந்தனையை ஒரு முறைமையாக வகுத்தவர்கள் ஜெஃப்ரி பூத்ராய்டு, பீட்டர் டியூஹர்ஸ்ட் என்னும் பேராசிரியர்கள். இப்பணிக்காக 1991இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புமாறு அவர்கள் வலியுறுத்தினர். இவ்வுறுப்பு மற்றவற்றிலிருந்து விலகித் தனியே அசைய வேண்டுமா? இது வேறொரு பொருளால் ஆகியிருப்பது இன்றியமையாததா? இதனைத் தனியே வைக்காவிடில் பிற உறுப்புகளைப் பொருத்தவோ கழற்றவோ இயலாமற்போகுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடையானால், அவ்வுறுப்பை அண்டை உறுப்போடு இணைத்து ஒன்றாக்க முடியுமா என ஆராய வேண்டும்.

எண்ணிக்கையைக் குறைப்பதோடு பணி முடிவதில்லை. எஞ்சிய உறுப்பு தவறான திசையில் நுழையவே முடியாதபடி அமைய வேண்டும். இல்லையேல், எத்திசையில் வைத்தாலும் சரியாகப் பொருந்த வேண்டும். கை நுழையவும் கண் காணவும் இடம் வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961இல் கண்ட ஒரு தீர்வு புகழ்பெற்றது. ஒரு சிறு சொடுக்கியில் இரண்டு சுருள்விற்களை வைக்க வேண்டும். தொழிலாளர் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவர். ஷிங்கோ அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வேலையைத் தொடங்குமுன் இரண்டு விற்களையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வைக்கச் செய்தார். தட்டில் வில் எஞ்சியிருந்தால், மறதி உடனே தெரிந்துவிடும். பிழை மனிதரிடம் மட்டுமன்று, முறையிலும் இருக்கிறது என்பதே இதன் பாடம்.

தெரிந்து தெளிவோம்

மாட்டுவண்டியின் சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. ஒற்றை ஆணியைச் செருகினால் சக்கரம் நிற்கும். உருவினால் சக்கரம் கழலும். பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் ஒருங்கே எளிதாக அமைந்த வடிவமைப்பு இது.

கடிகாரம் கற்பிப்பது

டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் இணைந்து தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரத் தொழிலை வேரூன்றச் செய்தது. அந்நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்திய ‘எட்ஜ்’ கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர் மட்டுமே. இத்துணை மெல்லிய பொருளில், வரைபவரும் பொருத்துபவரும் ஒருவரையொருவர் அறியாது பணிபுரிதல் அரிது.

கடல்கடந்த மற்றொரு கடிகாரம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1983இல் வெளிவந்த சுவிட்சர்லாந்தின் ‘ஸ்வாட்ச்’, ஏறத்தாழ 90 உறுப்புகள் தேவைப்பட்ட இடத்தில் 51 உறுப்புகளோடு அமைந்தது. அதன் பின்கூடே அடித்தட்டாகவும் பயன்பட்டது. எல்லாவற்றையும் மேலிருந்தே அடுக்கிப் பொருத்தினர். விலை குறைந்தது, விற்பனை பெருகியது. ஆயினும் கண்ணாடியைக் கூட்டோடு பற்றவைத்துவிட்டதால், பழுதுற்றால் அதனைத் திறந்து சீராக்க வழியில்லை. விரைந்து பொருத்துவதற்காகப் பசையிட்டு மூடப்படும் கருவி, கடைத்தெருவில் பழுதுபார்ப்பவரின் பிழைப்பைப் பறிக்கிறது, குப்பைமேட்டையும் உயர்த்துகிறது. எனவே, எளிதாகப் பொருத்துவது போலவே எளிதாகக் கழற்றுவதும் நல்ல வடிவமைப்பின் கடமையாகும்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

உறுப்புகள் குறைந்தால் வேலைவாய்ப்பும் குறையாதா எனச் சிலர் வினவுவர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், தேவையற்ற திருகாணியால் நிலைக்கும் வேலை, அதனைச் செய்பவரின் உடலைத் தேய்த்தே நிலைக்கிறது. விலை மலிந்த போட்டிப்பொருள் வந்தால், அவ்வேலையும் நில்லாது. மிச்சமாகும் நேரத்தின் பயன் எங்குச் செல்கிறது என்பதே கேட்கத்தக்க வினா. நாளொன்றின் இலக்கை ஆயிரத்திலிருந்து மூவாயிரமாக உயர்த்திவிட்டால், மணிக்கட்டுக்கு எஞ்சுவது பழைய வலியே. அப்பயனில் ஒரு பங்கு, தொழிலாளரின் ஓய்வாகவும் புதிய திறன்பயிற்சியாகவும் திரும்புதல் வேண்டும்.

இவையனைத்தையும் தொடக்கத்திலேயே எண்ணுதல் இன்றியமையாதது. வரைபடத்தில் ஒரு கோட்டை அழிக்க ஒரு நொடி போதும். எஃகு அச்சு வெட்டப்பட்டபின் அதே கோட்டை மாற்றப் பெரும்பொருளும் பல வாரங்களும் வேண்டும். அதனாலேயே, பிழை தெரிந்த பின்னும் அப்படியே விடப்பட்டு, நாள்தோறும் தொழிலாளரின் கைகளில் சுமத்தப்படுகிறது.

முதல் மாதிரி உருவானவுடன், அதனைப் பொருத்தப்போகும் பெண்ணின் கையில் கொடுத்து, அருகில் நின்று பார்ப்பதே வடிவமைப்பாளர் செய்யத்தக்க எளிய செயல். எங்கே அவர் விரல் தயங்குகிறது, எங்கே கழுத்து வளைகிறது என்பதை எந்தக் கணினித் திரையும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. குருபரப்பள்ளியில் உறுப்புகளைப் பொருத்தும் கைகளுக்கு, வரைபடம் முற்றுப்பெறும் முன்பே பேச இடம் கிடைக்குமாயின், பொருளும் சிறக்கும். அதனை ஆக்கும் வாழ்வும் சிறக்கும்.