பெட்டிக்குள் இருக்கும் போர்வைகள்



குளிர்காலம் நெருங்கும்போது நம் சகோதரிகள் பலருக்கும் ஊசியும் நூலும் நினைவுக்கு வருகின்றன. மும்பையிலும் புனேயிலும் குடியேறிய நம்மவர்கள் மராட்டிய அயல்வீட்டாரிடம் கோதடி தைக்கக் கற்றுக்கொண்டார்கள். வங்காளத்தில் இதைக் காந்தா என்பார்கள். கர்நாடகத்தில் கௌதி என்பார்கள். உடுத்தி மெலிந்த பருத்திப் புடவைகளை அடுக்கி, சிறு சிறு ஓட்டுத் தையலால் ஒன்றாக்குவதே எல்லாவற்றிற்கும் பொதுவான முறை. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பழைய சேலையும் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சட்டையும் இப்படித்தான் ஒரே போர்வையில் வந்து சேருகின்றன.

இவ்வாண்டும் புதியதொன்றைத் தொடங்க உங்கள் மனம் ஏவப்பட்டிருக்கலாம். துணிகூட எடுத்து வைத்திருப்பீர்கள். ஆனால், கட்டிலுக்கு அடியிலுள்ள டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாதி தைத்தது ஒன்று, ஓரம் மடிக்காதது ஒன்று, வெட்டிய துண்டுகளாகவே கிடப்பது ஒன்று! இவைகளை வைத்துக்கொண்டு புதியதைத் தொடங்கலாமா?

தொடங்கலாம், சகோதரியே. ஆனால் அதற்குமுன் பெட்டியிலுள்ள யாவற்றையும் வெளியே எடுத்து விரியுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, "இதை யாருக்கென்று தொடங்கினேன்?" என்று உங்களையே கேளுங்கள். ஏனெனில் பெட்டியில் இருப்பது துணி மட்டுமல்ல. ஒருவருக்கு நீங்கள் மனதில் கொடுத்த வாக்கும் அங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஆளைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்

அன்னாள் வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தான். இவ்வருஷத்துச் சட்டையை அடுத்த வருஷம் கொண்டுபோயிருந்தால் அது அவனுக்குப் போதாது. ஆகவே எந்தத் துணி அழகு என்று பாராமல், யாருடைய தேவை காத்திராது என்று பாருங்கள். அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் குழந்தைக்கான சிறு போர்வை புதியதாயிருந்தாலும் முந்திக்கொள்ளட்டும். தில்லியில் ஜனவரி இரவுகள் சிலவற்றில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அங்குள்ள முதிய விதவைத் தாயாருக்கென்று தொடங்கியது மார்ச் மாதத்தில் முடிந்தால் அவருக்கு என்ன பயன்?

செல்லும் செலவைக் கணக்கிடுங்கள்

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைக் குறித்து நம் ஆண்டவர் லூக்கா 14-இல் சொன்னார். போர்வைக்கும் கணக்கு உண்டு. 2 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள போர்வையில் 3 சென்டிமீட்டருக்கு ஒரு வரி தைத்தால் ஏறத்தாழ 50 வரிகள் வரும். அதாவது, உங்கள் கை 100 மீட்டர் தூரம் தைத்தாகவேண்டும். துணி தெரிந்தெடுப்பதும் நிறம் சேர்ப்பதும் இன்பமானவை. அவை ஓரிரு நாளில் முடிந்துவிடும். சலிப்பு வருவது இந்த 100 மீட்டரில்தான். பெட்டியில் கிடப்பவற்றுள் பல இங்கேதான் நின்றுபோயிருக்கும்.

ஆனால் தினமும் இரண்டு வரி தைத்தால் 25 நாளில் முடிந்துவிடும். எருசலேமின் அலங்கத்தை நெகேமியா கட்டி முடித்த 52 நாட்களுக்குள் இரண்டு போர்வைகள்! ஆகவே பாதியில் நிற்பவற்றுள் ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். பழையதில் அன்றைய இரண்டு வரிகளைத் தைத்த பிறகே புதியதைத் தொடுவது என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் அது துருப்பிடித்துப் போகாத கறையை உண்டாக்கும்.

விட்டுவிடவேண்டியதும் உண்டு

சிலவற்றை யாருக்கென்று தொடங்கினோமோ அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருப்பார். அதைக் காணும்போதெல்லாம் மனம் குத்தும். சகோதரியே, அதைக் குற்றவுணர்வோடு பெட்டிக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அவரைப்போல் குளிரில் இருக்கும் வேறொருவருக்காக அதை முடியுங்கள். உங்களால் கூடாதெனில், தைக்க நேரமுள்ள இன்னொரு சகோதரியிடம் கொடுத்துவிடுங்கள். நைந்துபோனதைப் பிரித்து, நல்ல துண்டுகளைப் புதியதில் சேருங்கள். கொரிந்து சபையார் தர்மசகாயத்தை ஒரு வருஷத்திற்கு முன்னமே தொடங்கியும் முடிக்காதிருந்தார்கள். 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தங்களிடம் உள்ளதற்குத்தக்கதாக அதைச் செய்து முடிக்கும்படி ஆலோசனை கூறினார். நம்மிடம் இல்லாததைக் கர்த்தர் கேட்கிறவரல்ல.

வடகன்னட மாவட்டத்திலுள்ள சித்தி இனத்துப் பெண்கள் போர்வையின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவார்கள். இறுதியில் நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போல் வைத்துத் தைப்பார்கள். அந்தப் பூக்கள் இல்லாவிடில் போர்வை நிர்வாணமாயிருக்கிறது என்பது அவர்கள் வழக்கு. முடிவு என்பது எத்தனை கனத்திற்குரியது என்று பாருங்கள்!

யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். அவள் தங்களோடிருந்த நாளில் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்தார்கள். அவளுடைய வீட்டிலும் முடியாத வேலை ஏதேனும் இருந்திருக்கக்கூடும். வேதம் அதைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை. விதவைகள் கைகளில் ஏந்தி நின்றது அவள் தைத்து முடித்துக் கொடுத்தவற்றையே. தொடங்கியது தைக்கிறவளின் பெட்டியில் இருக்கும். முடித்ததுதான் ஏழையின் தோளைச் சேரும்.

இம்மாதத்தில் ஒரு போர்வையையாவது பெட்டியிலிருந்து வெளியேற்றுங்கள். காலியான அந்த இடத்தில் உங்கள் புதிய துணியை மகிழ்ச்சியோடு வையுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதியும். நாங்கள் மறந்துபோன முகங்களை எங்களுக்கு நினைப்பூட்டும். தொடங்கினதை முடிக்கத்தக்க பொறுமையையும், விடவேண்டியதை விட்டுவிடும் சமாதானத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.